கடிக்காத ஷூ

டில்லிபாபு தன் மனைவியோடு பேசி அன்றோடு பதின்மூன்று நாள்.

சண்டை கத்திக் கூப்பாடு போட்டு நடக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் யாரோ ஒருவன், "பொண்டாட்டி அவ தம்பிகிட்ட அழுது வாங்கிக் குடுத்த வேலைதானே மாமே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். இரண்டு வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் மறுபடி ஒரு கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தது தன்னுடைய அனுபவத்துக்காக என்றுதான் டில்லிபாபு அதுவரை நம்பிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து கோமளாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

"இனிமே எனக்கோசரம் எவன்கிட்டயும் போய் நிக்காத."

அதோடு சரி. சாப்பாட்டுத் தட்டு தரையில் படும் சத்தம்தான் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு.

அன்று வியாழக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு மேனேஜர் டில்லிபாபுவையும் சேர்த்து ஆறு பேரைக் கூப்பிட்டுப் பேசப்போகிறார். ஆறில் மூன்று பேருக்குத்தான் வேலை நிரந்தரம். மீதி மூன்று பேர் நாளையோடு கிளம்ப வேண்டியதுதான். இதைக்கூட டில்லிபாபு சொல்லவில்லை. அவள் தம்பி ராகேஷ் போனில் சொல்லித்தான் கோமளாவுக்குத் தெரியும். அவன் அங்கே டிஸ்பேட்ச் சூப்பர்வைசர்.

விடிவதற்கு முன்பே டில்லிபாபு கிளம்பிப் போய்விட்டான். கொரட்டூர் வீட்டில் தண்ணீர் வரவில்லை. மே மாதத்தில் அது அதிசயமில்லை. வேலப்பன்சாவடியில் காலேஜ் பரீட்சைக்குக் கிளம்ப வேண்டிய மகள் ஜோதிகா, பாத்ரூமில் மிச்சத் தண்ணீர் தேடி ஒவ்வொரு பக்கெட்டாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"மா! இங்க வந்து பாரேன்."

"டைம் ஆவுது, குளிச்சுட்டு வாடி."

"நீ வா மொதல்ல. நைனா சாக்ஸு."

கவிழ்த்து வைத்த பக்கெட்டுக்குப் பின்னால் ஒரு கேரி பேக் முடிச்சுப் போட்டு இருந்தது. உள்ளே கம்பெனி கொடுத்த சாம்பல் நிற சாக்ஸ். ஜோதிகா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். சுண்டுவிரல் பக்கம் துணி விறைத்துப்போய், காய்ந்த சாயம் போல ஒரு பழுப்பு வட்டம். வாடை வேறு.

"ரத்தமா மா இது?"

கோமளா வாங்கிப் பார்த்தாள். ஒரு வாரமாக டில்லிபாபு சாக்ஸைத் தானே துவைத்துக்கொள்கிறான். குடித்த டம்ளரைக் கழுவாத மனுஷன். கோபம் அவ்வளவு தூரம் போய்விட்டது, என் கை படக்கூடாது என்று நினைக்கிறார் போல என்று அவள் எண்ணிக்கொண்டாள். அவளும் வீம்பாக அந்தப் பக்கம் போகவில்லை. இன்றைக்குத் தண்ணீர் இல்லாததால் துவைக்க முடியாமல் மறைத்து வைத்திருக்கிறான்.

"ஷூ கடிச்சிருக்கும். புது ஷூ இல்ல?" என்றாள்.

"அஞ்சு வாரமாவா மா கடிக்கும்? நீ தானே சைஸ் பாத்த?"

அந்தக் கேள்வி கோமளாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

முகப்பேரில் அமீருதீன் பாயின் செருப்புக் கடையில் பதினோரு வருஷமாகக் கால் பார்க்கிறவள் அவள். வாசல்படி ஏறும்போதே நம்பர் சொல்லிவிடுவாள். செருப்புக்கு ஒரு கணக்கு, குதிகால் வெளியே தொங்காமல் இருந்தால் போதும். ஸ்கூல் ஷூவுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் விடணும். ஓடுகிற ஷூ என்றால் ஒரு நம்பர் ஏற்றணும். லேடீஸ் கட் ஷூ முதல் நாள் லேசாகப் பிடித்தாலும் நாலு நாளில் இளகும். கம்பெனி சேஃப்டி ஷூ மட்டும் இளகவே இளகாது. முன்னால் இரும்புத் தொப்பி. காலை நேரத்தில் அளவு பார்த்தால் சாயங்காலம் கால் வீங்கி மாட்டிக்கொள்ளும். தடி சாக்ஸ் போட்டுத்தான் பார்க்கணும்.

எல்லாம் தெரிந்தவள்தான். டில்லிபாபுவை ஸ்டோரிலிருந்து லோடு அடுக்கும் பக்கம் மாற்றினபோது, ஷூ சைஸ் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பாயிடம் கேட்டு ஏழு, எட்டு, ஒன்பது என மூன்று ஜோடியையும் வீட்டுக்கே எடுத்து வந்தாள். சாயங்காலம்தான் பார்த்தாள். சாக்ஸ் போடச் சொல்லித்தான் பார்த்தாள்.

"ஒம்போது படகு மாதிரி கீது. எட்டு ஆடுது. ஏழுதான் கச்சிதமா உக்காருது" என்றான் டில்லிபாபு.

அவள் கண்ணுக்கு ஒன்பது என்றுதான் பட்டது. ஆனால் கடையில் பில் போடும் முன் மூன்று கேள்வி கேட்கணும் என்பது பழக்கம். முன்னாடி இடிக்குதா? பின்னாடி கடிக்குதா? நடந்து பாத்தீங்களா? மூன்றுக்கும் போடுகிறவர் வாயிலிருந்து பதில் வந்துவிட்டால், கடைக்காரர் கண் சொல்வது செல்லாது.

டில்லிபாபு ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடந்து காட்டினான். கடிக்கவில்லை என்றான். ஏழு என்று எழுதிக் கொடுத்தான்.

"சாயங்காலம் வரட்டும், பாத்துக்கலாம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு கோமளா சாக்ஸை அந்தக் கவருக்குள்ளேயே வைத்து முடிந்தாள். சாயங்காலம் அவனோடு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதுதான் அப்போது அவளுக்கு இருந்த கவலை.

*

பன்னிரண்டு மணிக்குப் பூந்தமல்லியிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். வஹீதுன்னிசா. துணைக்கு மகள் இஃபத். கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொள்ள, தட்டையான கறுப்பு ஷூ வேண்டுமாம். இஃபத் போனில் பேசிக்கொண்டே வாசலில் நின்றுவிட்டாள்.

கோமளா குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து அந்த அம்மாவின் காலைத் தன் மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆறு நம்பர் எடுக்கட்டுமாம்மா?"

"ஆறா? நாப்பது வருஷமா அஞ்சுதான் புள்ள. கால் என்ன வளர்பிறையா, வளந்துகினே போறதுக்கு?"

கோமளா சிரித்துவிட்டு இரண்டையும் எடுத்து வந்தாள். ஆறு போட்டதும் அந்த அம்மா முகத்தைச் சுளித்தார்கள்.

"தொளதொளங்குது. ஷூ போட்ட மாதிரியே இல்ல. அந்த அஞ்சைப் போடு."

அஞ்சு உள்ளே போகவே கொஞ்சம் மல்லுக்கட்டியது. போனதும் அந்த அம்மா முகம் மலர்ந்தது.

"இதான். இதான் காலைப் புடிச்சுக்கினு நிக்குது."

"முன்னாடி இடிக்குதாம்மா?"

"இல்ல."

"பின்னாடி கடிக்குதா?"

"எங்க கடிக்குது? பூ மாதிரி கீது."

கோமளா ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரல்கள் உள்ளே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது மேல் தோலிலேயே தெரிந்தது. நன்றாகவே அழுத்தினாள். அந்த அம்மா கண்ணாடியில் தன் காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா! அக்கா, எங்கம்மாவைக் கேக்காதீங்க!" இஃபத் போனை வெட்டிவிட்டு ஓடி வந்தாள். "கழட்டுங்க அதை. பலகைல வெச்சு அளந்து குடுங்க. அவங்க வாயை நம்பாதீங்க."

"ஆமா, பெத்தவ வாயை நம்பாத, கட்டையை நம்பு" என்றார்கள் வஹீதுன்னிசா.

"சும்மா இரும்மா. சுகர்க்கா. பதினஞ்சு வருஷமா. பாதத்துல உணர்ச்சியே கிடையாது. இறுக்கிப் புடிச்சாத்தான் அவங்களுக்கு ஷூ போட்ட மாதிரியே தெரியும். சரியான அளவு போட்டா லூசு, லூசும்பாங்க. போன வருஷம் இப்படித்தான் வாங்கி…" இஃபத் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு விரலை எடுத்துட்டாங்க."

அந்த அம்மாவின் சாக்ஸ் ஓரத்தில் சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்ததைக் கோமளா முதலிலேயே பார்த்திருந்தாள். கேட்கக் கூடாதென்று விட்டிருந்தாள்.

"மொதல்ல பாதம் எரியுது எரியுதுனு தூங்க மாட்டாங்க. அப்புறம் ஒரு நாள் எரிச்சல் நின்னுடுச்சு. மாத்திரை கேக்குதுனு நாங்ககூட சந்தோசப்பட்டோம். நரம்பு செத்துப்போனா எரியாதாம்க்கா. அது எங்களுக்கு எங்க தெரியும்?"

கோமளாவின் கை ஷூவிலேயே நின்றுவிட்டது.

டில்லிபாபுவுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் முழுக்கப் பாதம் எரியுது என்று ஈரத்துணி சுற்றிக்கொண்டு படுத்தான். பொங்கலுக்கு அப்புறம் எரிச்சல் போயே போச்சு என்றான். அன்றைக்கு அவள் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

ஏழுதான் கச்சிதமா உக்காருது.

"எந்த டாக்டரும்மா நீங்க பாக்குறது?"

"இங்கதான், ரெண்டு தெரு தள்ளி. அனுசுயா டாக்டர். ரெண்டு மணி வரைக்கும் இருப்பாங்க. ஏன்க்கா, உங்களுக்கு சுகரா?"

கோமளா எழுந்தாள். ஆறு நம்பரிலேயே அகலமான ஜோடி ஒன்றை எடுத்து அந்த அம்மாவுக்குப் போட்டுவிட்டு, பலகையில் அளந்து இஃபத்திடம் காட்டினாள். கல்லாவில் இருந்த அமீருதீனிடம் போனாள்.

"பாய், எனக்கு இப்போ போவணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்கவில்லை.

*

டில்லிபாபுவின் போன் அணைந்திருந்தது. உள்ளே போகும்போது கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், சூப்பர்வைசர்களைத் தவிர. அவனைக் கூப்பிட ஒரே வழி ராகேஷ்தான்.

ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவன்கிட்டயும் போய் நிக்காத என்று சொன்ன மனுஷன். மறுபடி அதே தம்பியிடம், அதுவும் அந்த வேலை முடிவாகிற நாளில்.

அழுத்திவிட்டாள்.

"அக்கா, லன்ச்சுக்கு இன்னும் பத்து நிமிஷம் கீது. இன்னா?"

"மாமாவை வெளிய அனுப்புடா. நான் கேட்டுக்கு வந்துகினு கீறேன்."

"இன்னிக்கா? அக்கா, உனக்குத் தெரியும் இல்ல, மூணு மணிக்கு…"

"தெரியும். அவரு கால்ல புண்ணு."

"அதான் லேசா சாய்ச்சுகினு நடக்குறாரா? கேட்டேன். ஒண்ணியும் இல்ல மச்சான்னாரு. அக்கா, மூணு மணி நேரம் பொறுத்துக்கோ. மேனேஜர் முன்னாடி போய் உக்காந்துட்டு வரட்டும். கால்ல புண்ணுன்னு இப்போ தெரிஞ்சா லோடு பக்கம் நிக்க முடியாதவன்னு எழுதிடுவாங்க. நாளு பாத்து வரியே."

மூன்று மணி நேரம். ஒரு வாரமாக இருக்கிற புண். கோமளாவுக்கு ஒரு கணம் அது நியாயமாகவே பட்டது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்புறம் அந்த அம்மாவின் தட்டையான சாக்ஸ் ஓரம் நினைவுக்கு வந்தது.

"அனுப்புடா. இல்லனா நான் உள்ள வந்துடுவேன்."

கேட்டில் செக்யூரிட்டி முனியன் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே விடமாட்டேன் என்றார். யாரையும் விடமாட்டாராம், முதலாளி மாமியாரே வந்தாலும். ரோடு வெள்ளையாகக் காய்ந்தது.

மணி ஒன்றுக்கு டில்லிபாபு வந்தான். பின்னாலேயே ராகேஷ். சாப்பிட வெளியே வந்த ஏழெட்டு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். டில்லிபாபு நடந்து வருவதைக் கோமளா கடையில் கால் பார்க்கிற கண்ணோடு பார்த்தாள். வலது கால் ஓரத்தில் அழுந்தி அழுந்தி வந்தது. வலிக்கிறவன் அப்படி ஊன்ற மாட்டான். தூக்கித் தூக்கி வைப்பான்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. ராகேஷைப் பார்த்துத்தான் கேட்டான். "இன்னாவாம்?"

"வலது ஷூவைக் கழட்டு" என்றாள் கோமளா.

"இன்னாவாம்னு கேளு மச்சான்."

"யோவ், ஷூவைக் கழட்டுயான்றேன்."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "அண்ணாத்தே, ஊட்டுல ஆர்டர் வந்துடுச்சு. கழட்டு, கழட்டு."

டில்லிபாபுவின் முகம் கறுத்தது. திரும்பி நடக்கப் போனான். கோமளா கேட் ஓரச் சிமென்ட் கட்டையைக் காட்டினாள். அவன் நின்றான், உட்காரவில்லை. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடையில் நாள் முழுக்க உட்காருகிற அதே மாதிரி, ஒரு முட்டியை மடக்கி, ஒரு முட்டியை நிமிர்த்தி. அவன் காலைப் பிடித்தாள்.

பதினோரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் கால். இவன் காலை ஒரு தரம்கூட மடியில் வைத்துப் பார்த்ததில்லை.

"எழுந்திரு கோமு." பதின்மூன்று நாளில் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை. "மானம் போவுது. எழுந்திரு."

"போவட்டும். உக்காரு."

அவன் கட்டையில் உட்கார்ந்தான். அவள் கயிற்றை அவிழ்த்தாள். ஷூ வரவில்லை. ஷூவின் நாக்கை முழுக்க இழுத்துவிட்டுக் குதிகாலைப் பிடித்து ஆட்டி ஆட்டி எடுத்தாள். சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. ராகேஷ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள்.

சுண்டுவிரலின் பக்கவாட்டில் ஒரு ரூபாய் காசளவுக்குத் தோலே இல்லை. அதைச் சுற்றி கறுத்து, ஈரமாக இருந்தது. அடுத்த விரலும் சிவந்து வீங்கியிருந்தது.

சிரித்தவன் சிரிப்பை நிறுத்தினான்.

"எப்பலேர்ந்து?"

"தெர்ல. போன வாரம் சாக்ஸுல கறை பாத்தேன். கொப்புளம் ஒடஞ்சிருக்கும்னு…" அவன் குனிந்து எட்டிப் பார்த்தான். வயிறு மறைத்தது. "ரொம்பவா கீது?"

"வலிக்கலையா?"

"இல்லியே. வலிச்சா சொல்ல மாட்டேனா? வலிக்கவே இல்ல, அதுக்குப் போய் இவ்ளோ…"

"அதான்யா எனக்குப் பயமா கீது."

அவன் சாக்ஸுக்குக் கை நீட்டினான். "குடு. மூணு மணி ஆவட்டும். முடிச்சுட்டு நானே வரேன்."

"இந்தக் காலு இனி அந்த ஷூவுல போவாது."

"ஷூ இல்லாம உள்ள வுட முடியாது" என்றார் முனியன், வருத்தத்தோடுதான்.

"ஸ்டோர்ல ஒம்போது நம்பர் கீது மாமா" என்றான் ராகேஷ். "எடுத்துகினு வரவா? ரெண்டு மணி நேரந்தான்."

"எடுத்துகினு வா."

"எடுத்துகினு வராதடா!"

"நீ சொம்மா இரு கோமு!" டில்லிபாபு எழுந்துவிட்டான். "உனக்கு இன்னா தெரியும்? இன்னிக்கு வுட்டா மறுபடி ஆட்டோதான். ஜோதி காலேஜு இன்னும் ரெண்டு வருசம் கீது. ஒரு புண்ணு, அத்த வெச்சுகினு நடு ரோட்டுல உக்காந்து ஒப்பாரி வெக்கிற. நான் நிப்பேன். எவ்ளோ நேரம் வேணும்னாலும் நிப்பேன். இதோ, நிக்கிறேன் பாரு."

கேட்டின் நிழலைத் தாண்டி நடு ரோட்டில், வெறுங்காலும் ஷூ காலுமாக அவன் நின்றான். இடுப்பில் கை வைத்து நின்றான்.

மே மாதத்து மத்தியானம். தார் ஓரங்களில் இளகிப் பளபளத்தது. டீக்கடைப் பையன்கள் செருப்போடு கடக்கவே ஓடுகிற ரோடு.

"யோவ்!" முனியன் கத்தினார். "காலு வெந்துடும்யா! ஏறு, ஏறு!"

டில்லிபாபு அவரைப் பார்த்தான். அப்புறம் குனிந்து தன் காலைப் பார்த்தான். அந்தக் கால் யாருடையதோ என்பது போலப் பார்த்தான். வெறுங்காலை நகர்த்தாமல், இடது கையால் தரையைத் தொட்டான். சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

கால் அங்கேயே இருந்தது.

கோமளா அவன் தோளைப் பிடித்து நிழலுக்கு இழுத்தாள். இந்தத் தரம் அவன் திமிறவில்லை. அவன் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"மச்சான், ஒரு ஆட்டோ கூப்புடு" என்றான் மெதுவாக.

*

அனுசுயா டாக்டர் கிளம்பத் தயாராக இருந்தவர், காலைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

அவர்கள் ஆட்டோவில் வரும்போதே ராகேஷ் கோமளாவுக்குப் போன் பண்ணிவிட்டான். மேனேஜரிடம், மாமாவுக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லியிருக்கிறானாம். நாளைக் காலை பத்து மணிக்கு டில்லிபாபுவை மட்டும் தனியாகப் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். "நாளைக்கு வந்தே ஆவணும் அக்கா. வேலைக்குப் போலாம்னு ஒரு டாக்டர் சீட்டும் வேணும். அவ்ளோதான் என்னால முடிஞ்சது."

ஆட்டோவில் அதைக் கேட்டதிலிருந்து டில்லிபாபுவுக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. டாக்டரிடம் முதல் வார்த்தையே அதுதான்.

"நாளைக்கு டூட்டிக்குப் போலாம்னு ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுத்துடுங்கம்மா. ஒம்போது நம்பர் ஷூ போட்டுகினு போயிடறேன்."

"ஒன்பதா? யார் அளந்தது?"

கோமளா முன்னால் வந்தாள். "முன்னாடி ஏழு போட்டவளும் நான்தாங்க. செருப்புக் கடைல வேலை. கடிக்குதான்னு கேட்டேன். இல்லன்னாரு."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. புண்ணைக் கழுவி, கறுத்த தோலைக் கத்தரித்தார். டில்லிபாபு கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கத்தரிக்கோலின் சத்தம் மட்டும் கேட்டது. அவன் ஒரு தரம்கூடக் காலை இழுக்கவில்லை. பார்க்க முடியாமல் கோமளாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எலும்பு வரைக்கும் போயிருக்கானு எக்ஸ்ரே எடுத்துதான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர். "அதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட்."

மேஜையிலிருந்து பேனா போல ஒன்றை எடுத்தார். அதன் முனையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழை நீட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணை மூடிக்குங்க. இதால பாதத்துல அங்கங்க தொடுவேன். தொட்டது தெரிஞ்சா 'ம்'னு சொல்லுங்க. சரியா?"

"சரிம்மா." டில்லிபாபு கண்ணை இறுக்கி மூடினான். கம்பெனி பரீட்சைக்கு உட்கார்ந்தவன் போல முகத்தைத் தயார் செய்துகொண்டான்.

டாக்டர் வலது பாதத்தின் நடுவில் இழையை வைத்து அழுத்தினார். இழை வளைந்தது.

பதில் இல்லை.

பெருவிரலின் அடியில் வைத்தார். குதிகாலில் வைத்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டில்லிபாபுவின் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. ஏதோ நடந்திருக்க வேண்டும், தான் தவறவிடுகிறோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ம்" என்றான்.

டாக்டரின் கை அப்போது காற்றில் இருந்தது.

கோமளா வாயைத் திறந்தாள். டாக்டர் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். இழையை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்போ?"

"ம்."

"இங்க?"

"ம். நல்லாத் தெரியுதும்மா."

"இந்தப் பக்கம்?"

"ஆங், தெரியுது. கிச்சுகிச்சு மூட்டுற மாதிரி கீது."

கோமளாவின் கைப்பையில் போன் அதிர்ந்தது. ராகேஷ். கொஞ்சம் முன்புதானே பேசினான், அதற்குள் மேனேஜர் காதுக்குப் புண் விஷயம் போய்விட்டதோ? அவள் எடுக்கவில்லை. அது நின்றது. உடனே மறுபடி அதிர்ந்தது.

டாக்டர் நாற்காலியை நகர்த்தினார். இழையை மறுபடி எடுத்துக்கொண்டு இடது காலுக்கு வந்தார். நல்ல கால். புண் இல்லாத கால். பெருவிரலின் அடியில் வைத்து, இழை வில்லாக வளையும்வரை அழுத்தினார். கோமளா கணவனின் உதட்டைப் பார்த்தாள்.

உதடு அசையவில்லை.

குதிகால். பாதத்தின் நடு. சுண்டுவிரல்.

அசையவில்லை.

டாக்டர் இழையை மூடி வைத்தார். "கண்ணைத் திறக்கலாம்."

டில்லிபாபு திறந்தான். முதலில் டாக்டரின் முகத்தைப் பார்த்தான், அப்புறம் கோமளாவின் முகத்தை. தலையை லேசாகத் தூக்கி, வெட்கப்பட்ட மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"பாஸுங்களாம்மா?"

டாக்டர் எக்ஸ்ரேவுக்கான சீட்டை எழுதினார். வலது காலுக்கு ஒன்று எழுதி முடித்து, இடது காலுக்கும் இன்னொன்று எழுதினார். இரண்டையும் அவனிடம் கொடுக்காமல் கோமளாவிடம் நீட்டினார்.